சீரியஸ் என்றொரு காரணம்

முன்பெல்லாம் விமானத்தில் நான் கேட்டது ஒரே கேள்வி. சைவமா, அசைவமா? இப்போதும் ஒரே கேள்விதான். சாவா, கல்யாணமா?

என் பதவிக்குப் பயணக் காரண அலுவலர் என்று பெயர். சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லையில் இவ்வளவும் அடங்காமல் 'காரண அலு' வரைக்கும்தான் அச்சடித்துக் கொடுத்தார்கள். மீதியை 'ப்பு' போட்டு நிரப்பிக்கொள்வாள் ஜெனிபா. அதே விமானத்தில் பணிப்பெண்ணாக இருக்கும் நாகர்கோவில்காரி. வயதில் என் மகளைவிடச் சற்றுப் பெரியவள். அலுப்பில் எனக்குச் சமம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது விமானங்கள் எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தன. மாடி வைத்த விமானத்தில்கூட வேலை பார்த்திருக்கிறேன். படியேறிப் போய் மேல்மாடிக்காரர்களுக்குச் சூடான துண்டு கொடுப்போம். பிறகு மாடி போயிற்று. துண்டு போயிற்று. சாப்பாடு சிறுத்துப் பொட்டலமாகி, பொட்டலம் சிறுத்து ஒரு பிஸ்கட்டில் வந்து நின்றது. ஜன்னலும் எடைதானே என்று வரிசை விட்டு வரிசை வைத்தார்கள். கடைசியில் எண்ணெயும் போய் மின்சார விமானம் வந்தது. சத்தம் இல்லை, புகை இல்லை. அரபிக்கடலை ஒரே மூச்சில் தாண்டிவிடும். தாண்டிய பிறகு மூச்சு மிச்சம் இருக்காது, அதுதான் சிக்கல்.

பழைய விமானங்கள் இறங்க இடம் கிடைக்காவிட்டால் ஊரைச் சுற்றிச் சுற்றி வரும். இதற்கு அந்தத் தெம்பு கிடையாது. கரையைத் தொடுவதற்கு முன்பே யார், எங்கே, எப்போது இறங்குவது என்று முடிவாகிவிட வேண்டும். இறங்க வருகிறவர்கள் அதிகம், ஓடுதளங்கள் குறைவு. ஆகவே வரிசை. வரிசை என்றால் நம் ஊரில் என்ன ஆகும் என்பது உலகத்துக்கே தெரியுமாதலால், அதற்கு ஒரு நியாயத்தையும் சேர்த்துக் கண்டுபிடித்தார்கள்.

அந்த நியாயத்தை அம்மாவுக்கு ஒருநாள் விளக்கினேன். லால்குடி வீட்டில் அவள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏறும்போதே எதுக்காகப் போறோம்னு எல்லாரும் காரணம் சொல்லணும்மா. ஒவ்வொரு காரணத்துக்கும் இவ்வளவு புள்ளின்னு இருக்கு. எல்லாத்தையும் கூட்டி, எந்த ப்ளேனுக்குப் புள்ளி ஜாஸ்தியோ அது முதல்ல எறங்கும்."

"உயிர் போற விஷயம்னா?"

"அதுக்குத்தான் எல்லாத்தையும்விட அதிகம். அப்புறம் பிரசவம், பரிச்சை, கல்யாணம்னு கொறைஞ்சுக்கிட்டே வரும்."

அம்மா நார் உரிப்பதை நிறுத்தினாள். "அப்ப சும்மா வீட்டுக்கு வர்றவன் எப்படா எறங்குவான்?"

"கடைசியா."

"நல்லா இருக்குடா உங்க நியாயம்" என்று அவரைக்காயை மறுபடி எடுத்துக்கொண்டாள். நான் அப்போதே சும்மா வீட்டுக்குப் போவதை விட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அன்றைக்குக்கூட ஏதோ சான்றிதழ் வாங்கத்தான் போயிருந்தேன். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை.

இந்த முறை வந்த பிறகு ஜனங்கள் பொய் சொல்லக் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அது அபாண்டம். ஏற்கெனவே தெரிந்ததை இப்போது விமானத்திலும் செய்கிறார்கள், அவ்வளவுதான். மூன்று பிள்ளைகளோடு ஏறிய ஒருவர் தன் கல்யாணத்துக்குப் போவதாகச் சொன்னார். மனைவியும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாள். இப்படிப்பட்ட காரணங்களைச் சலித்து எடுப்பதுதான் என் வேலை. குரலை வைத்தே பொய்யைப் பிடித்துவிடுவேன் என்று கம்பெனியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. புதியவர்களுக்கு வகுப்புகூட எடுத்திருக்கிறேன். எங்கே குரல் நெகிழ்கிறது, எங்கே தேவையில்லாத அன்பு வந்து ஒட்டிக்கொள்கிறது என்று பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கும் என்பேன். பிள்ளைகள் பயபக்தியோடு குறித்துக்கொள்வார்கள்.

'சீரியஸ்' என்ற காரணத்துக்குத்தான் மவுசு. யாருக்காவது உயிர் ஊசலாடினால் அந்த விமானம் முதலில் இறங்கும். எனவே அப்படி ஒரு பயணி இருக்கும் விமானத்தில் இடம் கிடைப்பது கஷ்டம். ஏஜெண்டுகள் அதற்கென்றே விசாரித்து வைத்திருப்பார்கள். "இன்னைக்கு மத்தியான ப்ளேன்ல ஒரு சீரியஸ் இருக்குண்ணே, போட்டுடவா?" என்று கேட்பதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஆனால் மரணத்துக்குப் புள்ளி மிகக் குறைவு. சுற்றுலாவுக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். விதியை எழுதியவர்கள் குளிர்தேசத்துக்காரர்கள். இறந்தவரைப் பெட்டியில் வைத்து, எல்லாருக்கும் தோதான நாள் பார்த்து, நிதானமாக அடக்கம் செய்கிறவர்கள். ஆள்தான் போய்விட்டாரே, இனி என்ன அவசரம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நம்மிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கூட்டத்துக்கு என்னைப்போல் ஒருவனைத்தான் அனுப்பியிருப்பார்கள், நானும் தேநீர் குடித்துவிட்டு வந்திருப்பேன்.

அன்று காலை ஷார்ஜா ஓட்டல் அறையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது லால்குடியிலிருந்து தம்பி நடேசன் கூப்பிட்டான். இன்றைக்குத் திருச்சி வருகிறேனா என்று கேட்டான். வருகிறேன் என்றேன். அப்படியே வீட்டுப்பக்கம் வந்துவிட்டுப் போகச் சொன்னான். பிறகு, "சாப்பிட்டியாண்ணே?" என்றான். கொல்லைச் சுவர் விஷயத்தில் எங்களுக்குள் பேச்சு நின்று வருஷமாகிறது. சுவரை இடித்துக் கட்ட என் கையெழுத்து தேவைப்படுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாயில் நுரையோடு, பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

விமானத்தில் எங்களுக்கு அன்று யோகம். ஒரு சீரியஸ் ஏறினான். பெயர் சேவுகன், காரைக்குடிப் பக்கம், கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. தோளில் ஒரு பையைத் தவிர எதுவும் இல்லை. வளைகுடாவிலிருந்து கைவீசிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் இரண்டே வகை. வேலை போனவன் ஒருவன், வீட்டில் ஏதோ ஆனவன் இன்னொருவன்.

காரணம் கேட்டேன். "அப்பாவுக்கு சீரியஸ்னாக சார்" என்றான். குரலில் நெகிழ்ச்சி இல்லை, கூடுதல் அன்பு இல்லை, ஒன்றுமே இல்லை. உண்மை என்று முடிவு செய்து பதிவு செய்தேன். உடனே முன்பக்கப் பலகையில் எங்கள் விமானம் வரிசையில் முதலிடத்துக்கு ஏறியது. பயணிகள் முகமெல்லாம் மலர்ந்தது. சேவுகனின் பக்கத்து இருக்கைக்காரர், தஞ்சாவூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் மீசைக்காரர், தன் ஜன்னல் இருக்கையை அவனுக்கு விட்டுக்கொடுத்தார். தன் பங்கு பிஸ்கட்டையும் கொடுத்து, அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று தட்டிக்கொடுத்தார். திருச்சியில் இறங்கும்வரை அந்தக் கிழவர் நன்றாக இருக்க வேண்டும் என்பதில் விமானமே ஒற்றுமையாக இருந்தது.

கடலுக்கு நடுவே வந்துகொண்டிருந்தபோது திருச்சிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வெண்ணிலா மேடத்தின் குரல் காதுக்குள் வந்தது.

"ஞானம் சார், உங்க சீரியஸ் பயணியோட அப்பா விடியறதுக்கு முன்னாடியே இறந்துட்டார். ஊராட்சியில இப்பத்தான் பதிவு பண்ணியிருக்காங்க. காரணத்தை மாத்திடுங்க."

மாற்றுவது அவ்வளவு எளிதில்லை. சீரியஸை மரணம் என்று மாற்ற வேண்டுமானால் பயணியிடம் விஷயத்தைச் சொல்லி, அவன் கட்டைவிரலை என் கையிலிருக்கும் பதிவுக் கருவியில் பதிய வைக்க வேண்டும். கருவி கொஞ்சம் தகராறு செய்கிறது, இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று இழுத்தேன். அவரும் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்தான்.

"உங்க மனசு புரியுது சார். பின்னாடி மஸ்கட் ப்ளேன்ல ஒரு குழந்தை இருக்கு. நெஞ்சுல ஓட்டை. இங்க டாக்டருங்க தயாரா நிக்கிறாங்க. நீங்க வழி விட்டாத்தான் அது எறங்க முடியும். கரை தெரியறதுக்குள்ள செஞ்சிடுங்க."

பின்கட்டில் போய் ஜெனிபாவிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல உள்ளவங்க பாடுபட்டு மறைச்சு வச்சிருக்காங்க. நடு ஆகாசத்துல நீங்க போட்டு உடைக்கப் போறீங்களாண்ணே?"

அவள் கேட்டது நியாயம். தூரத்தில் இருப்பவனுக்குச் சாவைச் சொல்வதில்லை, சீரியஸ் என்றுதான் சொல்வார்கள். வருகிற வழியில் அவன் தனியாக உடைந்துபோகக் கூடாது. காரை விட்டு இறங்கி, வாசலில் பந்தலைப் பார்த்து, அவனாகத் தெரிந்துகொள்ளும்போது விழுந்தால் தாங்கிக்கொள்ள நாலு கை பக்கத்தில் இருக்கும். அதற்காகத்தான் அத்தனை பேரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்கிறார்கள். ஆகாயத்தில் அவனைத் தாங்க யார் இருக்கிறார்கள்? சீட் பெல்ட் இருக்கிறது.

குழந்தையைப் பற்றியும் சொன்னேன். ஜெனிபா டம்ளர் அடுக்குவதை நிறுத்திவிட்டு ஒரு தேநீர் போட்டு என் கையில் கொடுத்தாள். "சீனி தூக்கலா போட்டிருக்கேன். குடுத்துட்டு அப்புறமாச் சொல்லுங்க" என்றாள்.

மீசைக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவருக்கு இந்தப்பக்கம் இருந்த காலி இருக்கையில் உட்கார்ந்து, அவர் மடியைத் தாண்டித் தேநீரை நீட்டினேன். சேவுகன் வாங்கிக்கொண்டான். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷ அனுபவம், வகுப்பு, பெயர் எல்லாம் சேர்ந்து என் வாயில் வந்தது ஒன்றுதான்.

"சாப்பிட்டீங்களா?"

சேவுகன் என்னைப் பார்த்தான். ஏறியதிலிருந்து முதல்முறையாக லேசாகச் சிரித்தான். "நீங்களுமா சார்?"

எனக்கு விளங்கவில்லை.

"காலையிலேர்ந்து எல்லாரும் இதத்தான் கேக்குறாக. எங்க மச்சான், அக்கா வீட்டுக்காரரு, எங்கூடப் பேசியே மூணு வருசமாச்சு. ஒரு கெடாவெட்டுல எல போட்ட வரிசையில மனத்தாங்கல். இன்னைக்கு அவரே கூப்புடுறாரு. மாமாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு, பதறாம வா, சாப்பிட்டியா மாப்ளங்குறாரு. பின்னாடி கடப்பாறையில குழி தோண்டுற சத்தம் கேக்குது. பந்தக்காலுக்கு." தேநீரை ஒரு வாய் குடித்தான். "எங்க ரூம்ல இருக்குற அத்தன பேரும் ஒருதரம் சீரியஸ்னு ஊருக்குப் போனவுகதான் சார். போயி உசுரோட பாத்தவன் ஒருத்தனும் இல்ல."

"பின்ன ஏன் எங்கிட்ட சீரியஸ்னு சொன்னீங்க?"

"அவுக சொன்னத அப்படியே சொன்னேன். அந்த இன்னொரு வார்த்தை வாயில வரல சார்."

உண்மையா பொய்யா என்று குரலை வைத்துப் பிடிக்கிற ஆசாமி நான். என் வில்லையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. வந்த விஷயத்தைச் சொன்னேன். பதிவாகியிருப்பது, மஸ்கட் விமானத்துக் குழந்தை, வரிசை எல்லாவற்றையும். குழந்தை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். முதலிடம் போனால் எங்களை எங்கே நிறுத்துவார்கள் என்று கேட்டான். வழக்கமாக ஓரங்கட்டும் இடத்தைச் சொன்னேன். செட்டிநாட்டுப் பழைய ஓடுதளம். உலகப்போர்க் காலத்தில் போட்டது. அங்கே இறங்கி, சார்ஜ் ஏற்றி, திருச்சியில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அவன் தேநீரை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அந்த ரன்வே வேலிக்கு அங்கிட்டுத்தான் சார் எங்க ஊரு."

ஜன்னல் வழியே தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னான்.

"ஊர்ல திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கு. கோயில் நடைய சாத்திட்டு ஊரே காத்துக்கிட்டுக் கெடக்கும். பொழுது சாயுறதுக்குள்ள எடுத்தாகணும். திருச்சியில முதல்ல எறங்கினாலும் சீல் அடிச்சு, கார் புடிச்சுப் போறதுக்குள்ள சாம்பலத்தான் பாக்க முடியும். நான் ஏறுனதுலேர்ந்து அதத்தான் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன். எடுங்க சார் அந்த மிசின."

அங்கே இறங்கினாலும் வெளியே விட மாட்டார்கள், வேலியைத் தாண்ட முடியாது என்று எச்சரித்தேன். தெரியும் என்றான். அந்த வேலியில் கிழித்துக்கொண்ட சட்டைகளுக்காக அப்பாவிடம் வாங்கிய அடியெல்லாம் நினைவிருக்கிறது என்றான்.

கருவியை நீட்டினேன். கட்டைவிரலை வைத்தான். இரும்புக் குழாயும் ஸ்பேனரும் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்த விரல். கருவி ஏற்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடியும் இல்லை. அப்பா இறந்துவிட்டார் என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்ல, அந்த இழவெடுத்த கருவி திரும்பத் திரும்ப இல்லை என்றது. கடைசியில் நானே அவன் விரலைப் பிடித்து அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியதில் மீசைக்காரர் விழித்துக்கொண்டார்.

பலகையில் நாங்கள் கடைசிக்கு இறங்கினோம். விமானம் முழுக்க முணுமுணுப்பு. மீசைக்காரர்தான் முதலில் என்னிடம் சண்டைக்கு வந்தார். எழுந்து நின்று கேட்கத் தொடங்கியவர், ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்த சேவுகனைப் பார்த்துவிட்டு வாக்கியத்தைப் பாதியில் விட்டார். உட்கார்ந்து அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆகாயத்தில் தாங்க ஆள் இல்லை என்று நான் நினைத்தது தப்பு.

மஸ்கட் விமானம் எங்களைத் தாண்டிப் போகிறது என்று வெண்ணிலா மேடம் சொன்னார்.

செட்டிநாட்டு ஓடுதளத்தில் இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சுற்றிலும் கருவேலங்காடு, செம்மண், ஒரு சார்ஜ் வண்டி, ஒரு காவலர். சார்ஜ் ஏறும்போது ஆட்கள் உள்ளே இருக்கக் கூடாது. எல்லாரையும் இறக்கிக் கயிறு கட்டிய இடத்துக்குள் நிற்க வைப்போம். திருச்சியில் முத்திரை விழும்வரை நாங்கள் சட்டப்படி எந்த நாட்டிலும் இல்லை. காலுக்குக் கீழே இருப்பது சிவகங்கை மாவட்டத்து மண் என்பது எறும்புகளுக்குத்தான் தெரியும்.

சேவுகன் இறங்கியவுடனே போன் போட்டான். அவசரத்தில் ஒலிபெருக்கியையும் அழுத்திவிட்டான் போலிருக்கிறது, எல்லாருக்கும் கேட்டது.

"மச்சான், அப்பாவ எடுத்தாச்சா?"

"என்ன மாப்ள பேசுற? மாமா ஆஸ்பத்திரியில..."

"நான் நம்ம ரன்வேயில நிக்கிறேன் மச்சான். கோயில் பக்கத்து வேலி தெரியுது. வெளிய விட மாட்டாக. அப்பாவ இந்தப் பக்கமா கொண்டாங்க."

போன் துண்டிக்கப்பட்டது. அவசரம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி ஏறியவர்கள், கயிற்றுக்குள் நின்று வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் தப்புச் சத்தம் கேட்டது. பிறகு கருவேல மரங்களுக்கு மேலே பாடையின் பூக்கள் அசைந்து வந்தன. நான் கயிற்றை அவிழ்த்தேன். காவலர் நடந்து வந்தார். வேறு வழி தெரியாமல் வில்லையைக் காட்டினேன். 'காரண அலு' என்று வாய்விட்டுப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். சேவுகனைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய், ஆடு எதுவும் இல்லாத பக்கமாகப் பார்த்து ஆடு விரட்டத் தொடங்கினார்.

வேலிக்கு முதலில் ஓடிவந்தவர் மச்சான். கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவருக்குப் பின்னால் பாடை வந்து நின்றுவிட்டது. ஊரே நிற்கிறது. ஆனாலும் காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அவரால் விட முடியவில்லை.

"மாப்ள, காலையில நல்லாத்தான் இருந்தாரு. லேசா மூச்சுத் திணறல்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம், நீ வந்து பாத்துருவன்னுதான்..."

சேவுகன் குறுக்கே பேசவில்லை. அவர் சொல்லி முடிக்கட்டும் என்று வேலிக்கு இந்தப்பக்கம் காத்து நின்றான். கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டான். "சரி மச்சான்" என்றான். அதன்பிறகுதான் அந்த மனுஷர் வேலியிலேயே சரிந்து அழுதார்.

பெண்கள் தெருமுனைக்கு மேல் வரக் கூடாது என்பது அங்கே வழக்கம். அவன் அக்கா வந்திருந்தாள். யாரும் தடுக்கவில்லை. வலையில் கை நுழையாது, விரல்தான் நுழையும். அவள் அரிசியை விரலிடுக்கில் கொடுத்தாள். அவன் வாங்கி, நெற்றியில் ஒற்றி, வலை வழியாக அவள் உள்ளங்கையில் திரும்பக் கொட்டினான். அவள் கொண்டுபோய் அப்பாவின் வாயில் இட்டாள். தீ வைக்காத கொள்ளிக்கட்டையை வலைக்கு அருகே நீட்டினார்கள். அவன் தொட்டுக்கொடுக்க, சித்தப்பா மகன் வாங்கிக்கொண்டான். பாடையை வேலியோரமாக ஒருமுறை அவன் பக்கம் சாய்த்துக் காட்டினார்கள். பிறகு சூரியனைப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்கள்.

மச்சான் மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேவுகனும் இந்தப்பக்கம் நின்றான். மூன்று வருஷமாகப் பேசாத இரண்டு பேர், ஓட்டைகளில் விரல் கோத்துக்கொண்டு.

அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், வாயில் பற்பசை நுரையின் ருசி திடீரென்று வந்தது.

சாப்பிட்டியாண்ணே.

சுவருக்குக் கையெழுத்து வேண்டுமானால் அவன் ஆள்விட்டுக் கேட்பான். சாப்பாட்டைப் பற்றிக் கேட்க மாட்டான். தேவையில்லாத அன்பு எங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது என்று பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கும். வகுப்பில் சொல்வேனே, அதேதான். பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். வாத்தியார் வாயைக் கொப்பளித்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

கையில் கருவி இருந்தது. அம்மாவின் பெயரைப் போட்டால் அது சொல்லிவிடும். வெண்ணிலா மேடத்திடம் கேட்டாலும் சொல்லிவிடுவார். கருவியை ஜெனிபாவிடம் கொடுத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"எங்கண்ணே இருக்க?"

வழியில் நிறுத்தியிருக்கிறார்கள், வர நேரமாகும் என்றேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஒண்ணுமில்லண்ணே. அம்மாவுக்குத்தான் ராத்திரியிலேர்ந்து லேசா முடியல. ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம். டாக்டர் பயப்பட வேண்டாம்னுட்டார். நீ டூட்டிய முடிச்சிட்டு மெதுவா வா. பதறாத."

அவன் குரலுக்குப் பின்னால் நாற்காலிகளை விரித்துப் போடும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் குறுக்கே பேசவில்லை. கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டேன்.

"சரிடா" என்றேன். "நீ சாப்பிட்டியா?"

அந்தப்பக்கம் நாற்காலிகளின் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து, "இல்லண்ணே" என்றான்.

வாங்கிச் சாப்பிடச் சொல்லிவிட்டு வைத்தேன். சார்ஜ் வண்டி கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் புகை எழும்பத் தொடங்கியது. காதுக்குள் வெண்ணிலா மேடம் வந்தார். மஸ்கட் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். பிறகு தயங்கினார்.

"உங்க ப்ளேனுக்குப் புள்ளி ரொம்பக் கொறைவா இருக்கு சார். நல்லா இருட்டிடும் போலிருக்கு. இப்பல்லாம் பணியாளர் காரணத்தையும் சேத்துக்கலாம்னு உத்தரவு வந்திருக்கு. உங்க ஆட்கள்ல யாருக்காவது ஏதாவது இருக்கா?"

சீரியஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விமானம் முதலிடத்துக்கு ஏறிவிடும். நிஜமான சீரியஸ் ஒன்று எங்கோ பின்னுக்குப் போகும். இன்னொரு வார்த்தையும் இருந்தது. அது வாயில் வரவில்லை.

"எனக்கு ஒண்ணு போட்டுக்குங்க மேடம்" என்றேன். "சும்மா வீட்டுக்குப் போறேன்."

"அதுக்குப் புள்ளி கிடையாதே சார்."

"தெரியும்" என்றேன்.